இருபத்துமூன்று ‘இரு’

அத்தியாயம் 6

“விழேல்லை,” என்றாள் மக்டலீன். “இருந்தவர். கதிரையிலை இருக்கிறமாதிரி.”

சுபாஸ் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே நிறுத்தினான். “அக்கா, மனுசனுக்கு மணிக்கட்டு முறிஞ்சு பிளாஸ்டர் போட்டுக் கிடக்கு. இருந்ததெண்டால் ஆரும் உப்பிடி இருக்க மாட்டினம்.”

“திருப்பிப் போடு.”

கைத்தொலைபேசியில் நான்காவது தடவையாகக் காட்சி ஓடியது. போன வெள்ளிக்கிழமை, இதே கொக்குவில் செயற்கைக்கால் தொழிற்கூடத்தின் கூடம். வெளிநாட்டிலிருந்து வந்த நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நடுவில் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் கமக்காரன் கேதீஸ்வரன், நாற்பத்துநாலு வயது, வெள்ளை வேட்டி. இடது தொடைக்குக் கீழே மோட்டார் கால். ஒரு நிமிடத்துக்கு முன்தான் அவர் கதிரையில் இருந்து, எழுந்து, நாலு படி ஏறி இறங்கிக் கைதட்டு வாங்கியிருந்தார். இனி ஒரு படம் மட்டும் எடுக்க வேண்டும். அப்படியே நில்லுங்கோ என்று யாரோ சொல்கிறார்கள். அவர் நிற்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. இடது முழங்கால் மடங்குகிறது. முறிந்த கம்பு போல அல்ல. மெதுவாக, மரியாதையாக, பின்னால் ஒரு கதிரை இருக்கிறது என்று நம்பி மடங்குகிறது. கதிரை இல்லை.

“கெட்டுப்போன மெசின் உப்பிடி மடங்காது,” என்றாள் மக்டலீன். “உது சொல்லுக் கேட்டு மடங்கினது. நிக்கிற மனுசனை இருக்க நினைக்கிறார் எண்டு விளங்கிக்கொண்டிருக்கு.”

பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய்க் காயங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். கம்பனி யாழ்ப்பாணக் கிளையை மூடியபிறகு, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடையின் மேலறையில் தனக்கென்று விசாரணைத் தொழில் நடத்தினாள். வாகனமும் உதவியாளும் ஒருவனே. சுபாஸுக்கு வயது நாற்பத்தொன்று, சொந்தமாக ஒரு ஓட்டோ, வாய்க்குப் பிரேக் இல்லை.

“எனக்கு ஒரு சந்தேகம்,” என்றான் அவன். “கதிரை வலப்பக்கமெல்லோ கிடக்கு. விழுகிற ஆள் கதிரையைப் பிடிக்கப் பாப்பார். இவர் ஏன் ஒண்டுமில்லாத இடப்பக்கம் கையை நீட்டுறார்?”

அந்தக் கை காற்றில் தடவி, எதுவும் அகப்படாமல், நிலத்தில் ஊன்றி முறிந்தது. விழும் கணத்தில் அவருடைய உதடுகள் அசைந்தன. கைதட்டின் மிச்சச் சத்தத்தில் சொல் கேட்கவில்லை.

தொழிற்கூடத்தின் பொறியாளர் நிருஷன் கதவடியில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான். அந்த மோட்டார் முழங்கால் தீபகற்பத்தில் ஒன்றே ஒன்று. பழகிப் பார்த்தவர்கள் இரண்டு பேர்: கேதீஸ்வரன், குருநகர் மீனவன் லியோன். யாருக்கு நிரந்தரமாகக் கொடுப்பது என்று இன்று பின்னேரம் நாலு மணிக்குக் குழு கூடி முடிவு செய்யும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு குழுவின் பேச்சு மாறிவிட்டது. இப்போது அவர்கள் கூடப்போவது லியோனின் பெயரை வெட்டுவதற்கு.

“கால் என்னண்டு படிக்குது? எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ, தம்பி,” என்றாள் மக்டலீன்.

“எழும்ப நினைச்ச உடனை, மிச்சம் இருக்கிற தொடைத் தசை துடிக்கும், அக்கா. ஆள் அசைய முதல். கால் அந்தத் துடிப்பைப் பிடிச்சு ஆயத்தமாகும். நடக்க ஒரு துடிப்பு, இருக்க ஒரு துடிப்பு, சும்மா நிக்கிறதுக்கும் ஒண்டு.”

“என்ரை ஓட்டோவுக்கு உதைப் பூட்ட ஏலாதோ?” என்றான் சுபாஸ். “நான் நினைக்க முதல் அது சோத்துக்கடை வாசல்லை நிக்கும்.”

நிருஷன் சிரிக்கவில்லை. “ஆளுக்காள் துடிப்பு வேறை. அதாலைதான் ஒரு கிழமை வீட்டிலை விட்டுப் பழக்கிறம். தொடையிலை பச்சை லைற் எரிஞ்சால் அது படிக்குது எண்டு அர்த்தம். அவர் ‘இருக்கிறன்’ எண்டு சொல்லிப்போட்டு இருக்க வேணும். சொல்லையும் துடிப்பையும் சேர்த்துப் படிச்சுக்கொள்ளும். பக்கத்திலை நிண்டு பழக்கிற ஆள் ‘இரு’, ‘இருங்கோ’ எண்டாலும் கேக்கும். ஆற்றை குரலெண்டு பிரிக்கத் தெரியாது.” குரலைத் தாழ்த்தினான். “அது எங்கடை பிழை. தெரியும்.”

அவன் டப்லெட்டில் பதிவைத் திறந்தான். குரல்கள் சேமிக்கப்படுவதில்லை, கேட்ட சொல்லும் நேரமும் மட்டும். அந்தக் கிழமை முழுவதும் ‘இருங்கோ’ என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒன்பது தடவையும் அவர் உண்மையாகவே இருந்திருக்கிறார். அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் புதன்கிழமை காலை ஆறு நாற்பதிலிருந்து ஆறு ஐம்பதுக்குள்:

இரு. இரு. இரு. இரு.

இருபத்துமூன்று தடவை. இருபத்துமூன்று தடவையும் கேதீஸ்வரனின் தசை அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

“நிக்கிற துடிப்புக்கு ‘இருக்கிறது’ எண்டு பேர் வைச்சுப் படிப்பிச்சிருக்கினம்,” என்றான் நிருஷன். “ஆரோ தெரிஞ்சுதான் செய்திருக்கினம். அதைப் பாக்காமல் வெள்ளி காலமை நாங்களே காலிலை ஏத்திப்போட்டம். அந்த நேரம் அந்த வளவுக்கை வந்த வெளி ஆள் ஒருத்தன்தான்.”

“லியோன்.”

“ஓம். வந்ததை அவனே ஒத்துக்கொள்ளுறான்.”

* * *

லியோன் வெளி விறாந்தையில் ஒரு நீள வாங்கில் இருந்தான். அகன்ற தோள், உப்பில் கறுத்த முகம். வலது காலுக்குப் பழைய கால்தான்; முழங்கால் பூட்டில் கயிறு சுற்றியிருந்தான். இதை விசாரிக்க மக்டலீனைப் பிடித்ததே அவன்தான், ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் வைத்து.

“வா அக்கா, குந்து,” என்று வாங்கைத் தட்டினான்.

டிங்.

சத்தம் நிருஷனின் கையிலிருந்து வந்தது. அவன் சலிப்போடு டப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். திரையில் ஒரு சொல் மினுங்கியது: குந்து. மேசையில் கிடந்த மோட்டார் காலில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

“உள்ளை கிடக்கிற காலுக்கு இஞ்சை கதைக்கிறது கேட்டிட்டுதோ?” என்றான் சுபாஸ்.

“உவர் கதைச்சால் நாவற்குழி வரைக்கும் கேக்கும்,” என்றான் நிருஷன். “அதோடை இவருக்கெண்டு அந்தச் சொல்லை நான் தனியாச் சேர்க்க வேண்டி வந்தது. ஒரு கிழமையா ‘இரு’ எண்டு சொல்லுங்கோ, ‘இரு’ எண்டு சொல்லுங்கோ எண்டு கெஞ்சினன். வாயிலை வராது. குந்து, குந்து, குந்துதான்.”

“நான் என்ன, கல்யாணவீட்டிலையே நிக்கிறன்?” என்றான் லியோன். “எங்கடை ஆக்கள் குந்துவினம். இருக்கிறது கோட்டு சூட்டுக்காரர்.”

சுபாஸ் மக்டலீனைப் பார்த்தான். “அக்கா, குந்து எண்டு பழகின வாய் இருபத்துமூண்டு தரம் பிசகாமல் ‘இரு’ எண்டு சொல்லுமோ? ஒண்டாவது நழுவும்.”

“குழு அதை ஏற்காது,” என்றான் நிருஷன். “வேணுமெண்டு செய்யிறவன் சொல்லையும் வேணுமெண்டு மாத்துவான் எண்டுவினம்.”

மக்டலீன் லியோனுக்குப் பக்கத்தில் இருந்தாள். “அண்டைக்கு என்ன நடந்தது?”

“நண்டு குடுக்கப் போனனான். கேதீசும் நானும் ஒரே ஆஸ்பத்திரி வாட்டிலை கிடந்த ஆக்கள், அக்கா. ஆறரைக்குப் போனன். பாத்தால், கிணத்தடியிலை கண்ணாடியைக் கொழுவிப்போட்டு, றேடியோவைப் போட்டுட்டு, நிண்டு சேவ் எடுக்கிறான்.” அவன் நிறுத்தினான். “நிண்டு. ஒரு கையாலையும் ஒண்டையும் பிடிக்கேல்லை. ஒரு கையிலை பிளேட், மற்றக் கையாலை கன்னத்தை இழுத்துக்கொண்டு... நான் அப்பிடிச் சேவ் எடுத்துப் பதினாறு வருசம்.”

“எரிச்சலா இருந்ததோ?”

சுபாஸ் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் லியோன் அடித்திருப்பான். அவள் கேட்டதால் தலையை மட்டும் ஆட்டினான். “எரிஞ்சது. பொய் சொல்ல மாட்டன். என்ரை கிழமையிலை நானும் அந்தக் காலோடை வள்ளத்திலை ஏறினனான். அலை அடிக்க அடிக்க நிண்டனான். பேந்து கழட்டிக் குடுத்தனான். அவன் நிக்கிறதைப் பாக்க ஏலாமல் நண்டுப் பையை மரத்தடியிலை வைச்சிட்டு, சொல்லாமலே வந்திட்டன். அவனுக்குக் கிட்ட நான் போகவே இல்லை.”

“உன்னை ஆரும் கண்டவையோ?”

“அவன்ரை மனிசி பிரசாந்தி கண்டிருப்பா. அவவும் அவனைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ. நான் திரும்பேக்கை அவனுக்கு இடப்பக்கத்திலை நிலம் கழுவிக்கொண்டிருந்தா.” அவன் தன் காலில் சுற்றிய கயிற்றைத் தடவினான். “நாலு மணிக்கு என்ரை பேரை வெட்டினால், மோட்டார் கால் மட்டுமில்லை, அக்கா. இந்தப் படலையே எனக்குப் பூட்டு. உந்தப் பழங்காலைத் திருத்தவும் எனக்கு வேறை இடம் இல்லை.”

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி அடித்தது.

மக்டலீன் எழுந்தாள். “நிருஷன் தம்பி, அந்தக் காலையும் டப்லெட்டையும் எனக்கு மூண்டு மணித்தியாலத்துக்குத் தாங்கோ. பச்சை லைற் எரிஞ்சபடி.”

* * *

ஓட்டோவின் பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் கால் நீட்டிக் கிடந்தது. மானிப்பாய் தாண்டும்போது ஒரு பள்ளத்தில் அது உருண்டு அவளுடைய மடியில் விழுந்தது.

“ஆள் கொஞ்சம் உரிமை எடுக்கிறார் போலை,” என்றான் சுபாஸ் கண்ணாடியில் பார்த்து.

“றோட்டைப் பார். நான் ஒண்டு கேக்கிறன். கேதீஸ்வரனைப் பாத்து ‘இரு’ எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் ஆர்?”

“தேப்பன் செத்துப்போனார். தமையன் கனடாவிலை. கூட்டாளி லியோன், அவன் குந்து. மிச்சம் பெண்சாதி.”

“யாழ்ப்பாணத்திலை புருசனை ‘இரு’ எண்டு சொல்லுற பெண்சாதியை நீ கண்டிருக்கிறியோ?”

“என்ரை மனிசி சொல்லுவா. ஆனால் முன்னாலை ‘விசரா’ எண்டும் சேர்ப்பா. அது பதிவிலை இல்லை.”

அவள் சிரித்தாள். சிரித்தபின் அந்தக் கேள்வி திரும்பவும் வந்து மனதில் உட்கார்ந்துகொண்டது. பதிவில் இருந்த ஒன்பது ‘இருங்கோ’வும் மனைவியுடையவைதான், அதில் சந்தேகமில்லை. நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன். நீங்கள் இருங்கோ, நான் போறன். பதினைந்து வருடமாக ஒரு வீட்டில் ஓடும் பேச்சு அது. அதே வாயிலிருந்து, அதே மனிதரை நோக்கி, ‘ங்கோ’ கழன்ற ஒரு ‘இரு’ வராது. கோபத்திலும் வராது. கோபத்தில் இன்னும் ஒரு ‘ங்கோ’ கூடத்தான் சேரும்.

மடியில் கிடந்த காலைப் பார்த்தாள். தொடைக் கிண்ணத்தின் உட்புறத்தில் எட்டுச் சிறு உலோகப் பொட்டுகள். ஒரு மனிதன் அசையுமுன் அவன் மனதைப் படிக்கும் பொட்டுகள்.

ஏனோ அவளுக்கு, விட்டுப்போன கணவன் பிலிப்புவின் ஞாபகம் வந்தது. பிரான்சுக்குப் போன இரண்டாம் வருடம் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். சோபாவில் அவன். சோபாவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கை மட்டும், ஒரு தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டு. அவன் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், கோப்பையைக் கேட்டிருக்கவில்லை. கேட்குமுன் அது வந்திருந்தது. அந்தப் பெண் அழகா, வயது என்ன, என்ன நிறம் என்றெல்லாம் மக்டலீன் ஒருபோதும் யோசித்ததில்லை. அந்தக் கோப்பைதான் அவளை எரித்தது. பின்னேரம் மூன்றரை மணிக்கு அவன் பேப்பரை மடிக்கும் சத்தத்தில் தேத்தண்ணி வேண்டும் என்று அறிவது உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று அவள் நினைத்திருந்தாள். இன்னொருத்தி அதை ஆறு மாதத்தில் படித்துவிட்டாள்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“என்ன அக்கா?”

“நாங்கள் தேடினது பிழை, சுபாஸ். ‘இரு’ எண்டு சொன்னது ஆர் எண்டு தேடினம்.”

“பின்னை?”

“ஆருக்குச் சொன்னது எண்டு தேடியிருக்க வேணும்.”

* * *

சண்டிலிப்பாயில் புகையிலை முடிந்து வெங்காயம் நட்டிருந்தார்கள். கேதீஸ்வரன் வீட்டு வாசற்படியில், கதவு நிலையில் சாய்ந்து இருந்தார். இடது கை பிளாஸ்டரில். பக்கத்தில் ஒரு கைத்தடி. சுபாஸ் அவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்று வணக்கம் சொன்னான். அவர் திரும்பவில்லை. மறுபடி உரக்கச் சொன்னபோது, முழு முகத்தையும் திருப்பி வலது காதைக் கொடுத்தார்.

“குறை நினைக்காதேங்கோ. காலை எடுத்த செல் உந்தக் காதையும் கொண்டுபோட்டுது. இந்தப் பக்கம் வாங்கோ.” மக்டலீனின் கையிலிருந்ததைக் கண்டதும் அவருடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது. “திருத்திப்போட்டினமோ?”

“பாத்துக்கொண்டிருக்கினம், அண்ணை. தொடைக் கிண்ணம் உரசுதோ எண்டு உங்கடை மனிசியிட்டை ரண்டு கேள்வி கேக்கச் சொன்னவை,” என்றாள் மக்டலீன்.

பொய் சுலபமாக வந்தது. சுபாஸ் படியில் அவருக்கு வலப்பக்கமாக இருந்து வெங்காய விலை கதைக்கத் தொடங்கினான். மக்டலீன் உள்ளே போனாள்.

பிரசாந்தி நாற்பது வயதுக்கு இளைத்த, குள்ளமான பெண். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் பதிந்திருந்தது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“உவனை ஏன் திருப்பிக் கொண்டு வந்தனியள்?”

உவன். காலை அவள் ஒரு ஆளாகச் சொன்னதைக் கவனித்ததாக மக்டலீன் காட்டிக்கொள்ளவில்லை. “கொஞ்சம் பிடியுங்கோ, பாரமாக் கிடக்கு,” என்று நீட்டினாள்.

பிரசாந்தி அதை இரண்டு விரலால் தொடுவது போல வாங்கினாள். அலுமாரி மூலையில் சாய்த்து வைத்தாள். வழுவழுத்த சீமெந்து நிலத்தில் அது சறுக்கி வந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி சறுக்கியது. மூன்றாம் தரம், முழங்காலில் ஒரு குத்து வைத்து மூலைக்குள் நெரித்தாள்.

“இரு உதிலை!”

டிங்.

மக்டலீனின் கைப்பையிலிருந்து. சின்னச் சத்தம்தான், ஆனால் பிரசாந்தி கொதிநீர் பட்டவள் போலத் திரும்பினாள். மக்டலீன் டப்லெட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினாள். திரையில் ஒற்றைச் சொல்.

“இது இருபத்துநாலாவது,” என்றாள் மெதுவாக.

முற்றத்தில் சுபாஸின் சிரிப்புக் கேட்டது. பிரசாந்தி வாசலைப் பார்த்தாள், பிறகு திரையை. பாயின் ஓரத்தில் போய் இருந்தாள்.

“அண்ணையை நீங்கள் ஒருநாளும் ‘இரு’ எண்டு சொன்னதில்லை. உங்களாலை ஏலாது,” என்றாள் மக்டலீன், தானும் நிலத்தில் இருந்தபடி. “அண்டைக்கும் அண்ணைக்குச் சொல்லேல்லை. சேவ் எடுத்துக்கொண்டு நிண்டவரின்ரை காது கேளாத இடப்பக்கத்திலை குந்தியிருந்து, நிலம் கழுவிற சாட்டிலை, காலுக்குச் சொன்னனியள்.”

“அந்தத் தம்பி விளங்கப்படுத்தேக்கை நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டனான். ஆர் சொன்னாலும் கேக்குமோ எண்டு. ஓம் எண்டவர்.” பிரசாந்தியின் குரல் வெறும் மூச்சாக இருந்தது. “விழ வேணுமெண்டு செய்யேல்லை, அக்கா. அந்த அந்தோனியார் அறிய... நான் சைவம், ஆனாலும் சொல்லுறன். விழுத்தச் செய்யேல்லை. வீட்டிலை, ஒரு நாளைக்கு, உவன் சொல்லுக் கேளாமல் இருந்திட வேணும். அவர் என்னைக் கூப்பிட வேணும். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அங்கை கொண்டுபோய் நிப்பாட்டுவினம் எண்டு எனக்குத் தெரியாது. வியாழன் இரவு தெரிஞ்ச உடனையாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரேல்லை.”

“ஏன் கூப்பிட வேணும்?”

பிரசாந்தி தன் பதிந்த தோளைத் தொட்டாள். “பதினைஞ்சு வருசம், அக்கா. எழும்பப்போறன் எண்டு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கையை நீட்டினதுமில்லை. எனக்குத் தெரியும். நான் குசினியிலை நிண்டாலும் தெரியும். போய்த் தோளைக் குடுப்பன். சனம் எல்லாம் என்னைப் பாத்து ஐயோ பாவம் எண்டுங்கள். எனக்கு அது பாவமாத் தெரியேல்லை. அந்த ஒரு மனுசன்ரை உள்ளுக்கை நடக்கிறது எனக்கு மட்டும் தெரியும் எண்டு...” அவள் மூலையைப் பார்த்தாள். “உவன் வந்து ஒரு கிழமையிலை அதைப் படிச்சிட்டான். நான் எழும்பிப் போக, அவர் படலையடியிலை நிக்கிறார். சிரிச்சுக்கொண்டு. நீர் ஏன் ஓடி வாறீர், வேலையைப் பாரும் எண்டுறார். வேறை ஒரு பொம்பிளை எண்டால் மயிரைப் பிடிச்சு இழுத்திருப்பன். உவனை என்ன செய்யிறது?”

மக்டலீனுக்கு அந்த எரிச்சலின் சூடு தெரியும். அதனால் அவளைத் தேற்றவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. கடிகாரம் இரண்டரையைக் காட்டியது.

“லியோன்ரை பேரை நாலு மணிக்கு வெட்டப்போகினம்.”

“தெரியும். மூண்டு நாளாச் சோறு இறங்கேல்லை. சொன்னால் அவர் என்னை என்ன நினைப்பார்?”

மக்டலீன் யோசித்தாள். கைத்தொலைபேசியை எடுத்தாள். “வெள்ளிக்கிழமை நடந்ததை நீங்கள் பாத்தனியளோ?”

“இல்லை. பாக்கமாட்டன்.”

“பாருங்கோ. காலைப் பாக்க வேண்டாம். கையைப் பாருங்கோ.”

ஐந்தாவது தடவையாகக் கேதீஸ்வரன் நின்றார். முழங்கால் மடங்கியது. வலப்பக்கம், எட்டும் தூரத்தில், கதிரை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை பக்கவாட்டில் எழுந்தது, உள்ளங்கை கீழே பார்த்தபடி, ஒரு குள்ளமான பெண்ணின் தோள் இருக்கக்கூடிய உயரத்தில். அங்கே தோள் இல்லை. உதடுகள் அசைந்தன. மக்டலீன் சத்தத்தைக் கூட்டவில்லை, தேவைப்படவில்லை. இப்போது அவளாலேயே அந்த உதடுகளைப் படிக்க முடிந்தது. பிரசா.

“கதிரையைப் பிடிச்சிருந்தால் கை முறிஞ்சிருக்காது,” என்றாள்.

பிரசாந்தி திரையை நெற்றியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்து, “அந்தத் தம்பியின்ரை நம்பரைத் தாங்கோ,” என்றாள்.

* * *

அவள் சுவரோடு இருந்து, தன் சொந்தத் தொலைபேசியில் பேசினாள்.

“தம்பி, நான் சண்டிலிப்பாய் பிரசாந்தி. லியோன் அண்ணை ஒண்டும் செய்யேல்லை. நான்தான்... ஓம், விளங்குது. நான்தான் அந்தக் காலுக்குச் சொன்னனான். வந்து அவை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். அவரைக் குத்தம் சொல்லாதேங்கோ, அவருக்கு ஒண்டும் தெரியாது.”

“இப்ப தெரியும்,” என்றது வாசற்படி.

மக்டலீன் திரும்பினாள். கேதீஸ்வரன் அசையாமல் அதே இடத்தில்தான் இருந்தார், கதவு நிலையில் சாய்ந்து. அவருடைய வலது காது வீட்டின் உட்பக்கம் பார்த்திருந்தது. சுபாஸ் எப்போது வெங்காயக் கதையை நிறுத்தினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமெல்லோ, பிரசா,” என்றார் அவர்.

பிரசாந்தி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “சொன்னனான். நீங்கள் கேக்கிற காதை எனக்கு எப்ப தந்தனீங்கள்? பதினைஞ்சு வருசமா நான் நிண்டது மற்றப் பக்கம்.”

தொலைபேசியில் நிருஷன் கேட்பது சிறு வண்டின் ரீங்காரமாகக் கேட்டது. பிரசாந்தி “ஓம்... ஓம், நாலு மணிக்கு. லியோன் அண்ணையையும் வரச் சொல்லுங்கோ. எங்களாலை அவருக்கு...” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வசனத்தின் நடுவில் எழுந்தாள்.

அவர் கூப்பிடவில்லை. கைத்தடியைத் தொடவில்லை. கழுத்துக்கூடத் திரும்பவில்லை. பதினெட்டு வருடம் மனிதர்களின் பொய் அசைவுகளைக் கவனித்த கண் மக்டலீனுடையது. அந்தக் கண் அவர் மீதே இருந்தது. அது ஒன்றையும் காணவில்லை. மூலையில் பச்சை வெளிச்சத்தோடு நின்ற காலும் காணவில்லை.

பிரசாந்தி தொலைபேசியில் பேசியபடியே போய் அவருக்கு இடப்பக்கம் குனிந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு, எதையோ நினைத்தவளாக, அவரைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தாள். பழகாத பக்கம். அவருடைய கை தடுமாறி இடம் தேடியது, கண்டது. இரண்டு பேரும் கோணலாக எழுந்தார்கள்.

“ஓட்டோவிலை மூண்டு பேருக்கு இடம் இருக்குதோ?” என்றார் கேதீஸ்வரன் சுபாஸைப் பார்த்து.

“காலை மடியிலை வைச்சால் இருக்கு, அண்ணை. அவர் வரேக்கையே மடி பழகிப்போட்டார்.”

அவர்கள் இருவரும் முற்றத்தைக் கடக்கும்வரை மக்டலீன் கதவடியில் நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் முன் அந்தச் சிறிய தோள் இம்மியளவு உயர்வதைப் பார்த்தாள். எந்த அடையாளத்தில் அது உயர்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றாள். முடியவில்லை.

சுபாஸ் காலைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவளுடைய முகத்தைப் பார்த்து நின்றான்.

“என்ன அக்கா, கண் சிவந்து கிடக்கு. வெங்காயக் காத்தோ?”

“இல்லை,” என்றாள் மக்டலீன். “எரிச்சல்.”